இடைவெளியில் ஒரு மூச்சு

புனேயில், பாணேர் பகுதியில், அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று மழை சற்று ஓய்ந்திருந்தது. இரண்டாயிரத்து நாலாம் வருஷம், ஜூன் மாதக் கடைசி. கோயம்புத்தூரிலிருந்து வந்த லாரியில் பீரோக் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டிருந்தது. மற்றதெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது. மூன்றாவது மாடி. புத்தம்புதுக் கட்டடம். சுவரில் பெயிண்ட் வாசனை அடித்தது. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் குன்றும் புதரும்தான்.

பாலச்சந்திரனுக்கு ஊருக்கு வெளியே சாகணில் வேலை. கார் உதிரி பாகங்கள் செய்யும் ஆலையில் இரவு ஷிப்டுக்கு அவர் பொறுப்பு. மாலையில் கம்பெனி பஸ் ஏறினால் காலை எட்டரைக்குத்தான் திரும்புவார். ஆகையால் அவருக்குப் பகல்தான் ராத்திரி. மனைவி பாமா முதல் வேலையாகப் படுக்கையறை ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் துணி தைத்து மாட்டினாள். கதவைச் சாத்திவிட்டால் உச்சி வெயிலிலும் அந்த அறையில் நீட்டிய கை தெரியாது.

குடிவந்த இரண்டாவது வாரம். பத்து வயது மகள் மீனு பள்ளிக்கூடம் போயிருந்தாள். பதினொரு மணி வாக்கில், மடித்த துணிகளை வைக்க பாமா அந்த அறைக்குள் போனாள். கீழே காய்கறி வண்டிக்காரன் மராத்தியில் கூவிக்கொண்டிருந்தான். பாலச்சந்திரன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாகப் பழகிய சத்தம். அதைக் கேட்டால் அவளுக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிற தெம்பு.

குறட்டை சட்டென்று நின்றது.

பாமா துணிகளோடு இருட்டில் நின்றாள். மனசுக்குள் எண்ணினாள். பத்து. இருபது. முப்பது. கட்டில் லேசாக அசைந்தது. அவருடைய நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுகிறது, ஆனால் காற்று உள்ளே போகவில்லை என்று புரிந்தது.

அப்போது கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மூச்சு கேட்டது.

நீளமான, நிதானமான மூச்சு. வெகுநேரம் தாகத்தில் தவித்தவர்கள் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்ததும் விடுவார்களே, அப்படி. கூடவே ஈரத் துணியை மூட்டை கட்டிப் போட்டது போல ஒரு நாற்றம்.

பாலச்சந்திரன் உடம்பு உதறி, "ஹக்" என்று காற்றை இழுத்தார். குறட்டை மறுபடி தொடங்கியது. அந்த இன்னொரு மூச்சு நின்றுவிட்டது.

பாமா அவரைப் பிடித்து உலுக்கினாள். "ஏனுங்க... எந்திரிங்க. உங்களுக்கு மூச்சு நின்னு போச்சுங்க."

"நின்னு போயிருந்தா உங்கிட்ட எப்படிப் பேசறேன்?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "வெளக்கைப் போடாத போ."

அதற்குப் பிறகு அவள் தினமும் கேட்டாள். வேண்டாம் என்று நினைத்தாலும் கால் அந்தக் கதவருகே போய் நின்றது. ஒன்றை மட்டும் கவனித்தாள். இரண்டு மூச்சும் சேர்ந்து ஒருபோதும் கேட்பதில்லை. இது நிற்கும்போதுதான் அது.

எதிர் வீட்டு ரீனாவிடம் ஒருநாள் ஹிந்தியில் தட்டுத்தடுமாறிக் கேட்டாள், எங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று.

ரீனா சிரித்தாள். "நீங்கதான் முதல் குடித்தனம், அண்ணி. பெயிண்டே இன்னும் காயலையே."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி என்ன, வெறும் குன்று."

பாமாவுக்கு என்னவோ போல் ஆயிற்று. இங்கே ஒருவர் செத்துப்போனார் என்று ரீனா சொல்லியிருந்தால்கூட, ஒரு பூஜை செய்து ஆறுதல் அடைந்திருக்கலாம்.

ஆகஸ்டில் பாலச்சந்திரனின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. கண் எந்நேரமும் சிவந்து கிடந்தது. எழுந்ததும் தலைவலி. சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப் போனார். ஆலையில் நின்றபடி கண் அயர்ந்து, இயந்திரத்துக்குள் கை போக இருந்ததைப் பக்கத்து ஆள் இழுத்துக் காப்பாற்றினான். அதன் பிறகுதான் டாக்டரிடம் போகச் சம்மதித்தார்.

டாக்டர் சேவியர் நாகர்கோவில்காரர். புனேயில் இருபது வருஷமாக ரத்த நோய்களைப் பார்த்து வருகிறவர். அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஹீமோகுளோபின் இருபதரை. ஆம்பளைக்குப் பதினேழு தாண்டக்கூடாது. ரத்தம் கெட்டிப்பட்டுப் போச்சு சார். இப்படியே விட்டா மூளையிலயோ இதயத்திலயோ அடைச்சுக்கும்."

"ஏனுங்க டாக்டர் இப்படி?" என்றாள் பாமா.

"தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு நிக்குது. காத்து பத்தலைன்னு உடம்பு பயந்துபோய் ரத்தத்தை உண்டாக்கிட்டே இருக்கு." அவர் தாளை மறுபடி பார்த்தார். "அதுலயும் இது ரொம்ப அதிகம். ரெண்டு பேருக்கு வேண்டிய ரத்தம் இவர் ஒருத்தர் உடம்புல ஓடுது."

கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனதும் பாமா மெல்லச் சொன்னாள். "அவரு மூச்சு நிக்கறப்ப, பக்கத்துல இன்னொரு மூச்சு கேக்குதுங்க டாக்டர்."

சேவியர் அவளைக் கனிவோடு பார்த்தார். "நீங்க எத்தனை நாளாத் தூங்கலை?"



பாலச்சந்திரன் கையிலிருந்து ஒரு பை நிறைய ரத்தம் எடுத்தார்கள். கறுப்பாக, சோம்பலாக இறங்கியது. ஹீமோகுளோபின் பத்தொன்பதுக்கு வந்தது. மூன்றே வாரத்தில் பழையபடி இருபதைத் தாண்டியது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி ஏறியது. சேவியருக்கே புரியவில்லை. தூக்கத்தைப் பரிசோதித்துப் பார்த்ததில் மணிக்கு ஐம்பது தடவைக்கு மேல் மூச்சு நின்றது. ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். மூக்கின் மேல் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டால் அது குழாய் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும், தொண்டை அடைக்காது.

அக்டோபரில் மெஷின் வந்தது. முதல் நாள் பாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காவல் இருந்தாள். மெஷின் மெல்ல இரைந்தது. பாலச்சந்திரன் குழந்தை போலத் தூங்கினார். ஒரு மணி நேரம் மூச்சு ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

பிறகு பீரோவுக்கு அருகில், தரையோடு தரையாக, அந்தச் சத்தம் எழுந்தது.

"ஹக்."

அது திணறிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் கட்டிலுக்கடியில் திணறியது. மூன்றாம் நாள் அவள் காலடியிலேயே. கொஞ்சம் காற்று, கொஞ்சம் காற்று என்று கெஞ்சுவது போல இருந்தது. பாமா முழங்காலைக் கட்டிக்கொண்டு விடியாத பகலில் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் சனிக்கிழமை. அறையில் எந்தச் சத்தமும் இல்லை. நாற்றமும் இல்லை.

ஒழிந்தது என்று நினைத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மீனு ஹாலில் பாய் போட்டுப் படுத்தாள். பாமா பாத்திரங்களைக் கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஹாலில் நல்ல வெளிச்சம். வெயில் பாயின் விளிம்பு வரை வந்திருந்தது.

மீனுவின் வாய் திறந்திருந்தது. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது.

மூச்சு இல்லை.

குழந்தையின் முகத்துக்கு நேர் மேலே, வெற்று வெளியில், யாரோ நிதானமாக, ஆசை தீர மூச்சு விட்டார்கள்.

"மீனு! மீனுக்குட்டி! எந்திரி சாமி!"

வாரி எடுத்தாள். தலை தொங்கியது. கன்னத்தில் அறைந்தாள். உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. முப்பது. நாற்பது. ஐம்பது.

பாமா யோசிக்கவில்லை. குழந்தையைப் பாயில் விட்டுவிட்டுப் படுக்கையறைக்கு ஓடினாள். சுவரைத் தடவி, மெஷினின் ஒயரைப் பிடித்து இழுத்தாள்.

இரைச்சல் அடங்கியது.

இருட்டில் கணவரின் தொண்டை அடைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி ஹாலிலிருந்து மீனு வீறிட்டாள். "அம்மா!"

கையில் ஒயரோடு அவள் அறை வாசலில் நின்றாள். ஒரு பக்கம் மகள் மூச்சு வாங்கி அழுகிறாள். மறுபக்கம் கணவருக்கு மூச்சு நின்றிருக்கிறது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அந்த இடத்திலேயே நின்று, வாய்விட்டுக் கத்தினாள். அந்தக் கத்தலில்தான் பாலச்சந்திரன் விழித்தார்.

இந்தத் தடவை அவர் அதை அலட்சியமாகத் தள்ளவில்லை. மகளின் உதட்டில் இன்னும் கலையாத நீலத்தைப் பார்த்தார். டாக்டர்கள் மீனுவுக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

"இந்த வீடு நமக்கு வேண்டாங்க," என்றாள் பாமா.

"வேண்டாம்," என்றார் அவர்.

வேறு வீடு கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதுவரை மீனு ரீனா வீட்டில் தூங்கினாள். பாலச்சந்திரன் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஆலையின் ஓய்வறையில் படுத்தார். பாமா மட்டும் அங்கேயே இருந்து சாமான்களைக் கட்டினாள். களைப்பு தாங்காமல் விழுந்த இடத்திலேயே தூங்கினாள். ஒரு சத்தமும் அவள் காதில் விழவில்லை.

ஊரின் இன்னொரு பக்கம், போசரியில் கிடைத்த வீட்டைச் சுற்றிலும் லேத்துப் பட்டறைகள். நாள் முழுக்க இரும்பு அறுபடும் ஓசை. ஆனாலும் பாலச்சந்திரன் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கினார். ஹீமோகுளோபின் நவம்பரில் பதினெட்டு. டிசம்பரில் பதினேழு. பிப்ரவரியில் பதினாறு. முகத்தின் செங்கல் நிறம் வடிந்தது. மீனு பகலிலும் இரவிலும் அயர்ந்து தூங்கி, குதித்துக்கொண்டு எழுந்தாள்.

"இனிமே ரத்தம் எடுக்க வேண்டாம்," என்றார் டாக்டர் சேவியர். "மெஷினை மட்டும் விட்டுடாதீங்க." கை குலுக்கியவர் பாமாவின் பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். "உங்க கண்ணு ஏன்மா இப்படிச் சிவந்திருக்கு?"

"தலைவலிங்க டாக்டர். வீடு மாறுனதுல இருந்து இருக்குது. தானாப் போயிருமுன்னு விட்டுட்டேன்."

அவர் வற்புறுத்தி ரத்தம் எடுக்கச் செய்தார். அறிக்கை வந்ததும் ஆய்வகத்துக்குப் போன் செய்து, இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். இரண்டாவது தடவையும் அதேதான் வந்தது.

"பத்தொன்பது," என்றார் மெல்ல. "பொம்பளைக்குப் பதினஞ்சே அதிகம்." பாலச்சந்திரனைப் பார்த்தார். "இவங்க குறட்டை விடுவாங்களா? தூக்கத்துல மூச்சு நிக்குதா?"

பாலச்சந்திரன் திகைத்தார். "ராத்திரியில நான் வீட்ல இருக்கறதில்லீங்களே, டாக்டர். பாப்பா அடுத்த ரூம்ல தூங்கிரும்."

அவள் மூச்சைக் கேட்க அந்த வீட்டில் யாருமே இல்லை.

"பரவாயில்லை. இவங்களுக்கும் ஒரு மெஷின் போட்டுடலாம். நீங்க சரியாகலையா, அதே மாதிரி."

பாமா மீனுவை நினைத்தாள். வெயில் படர்ந்த பாயையும் நீலம் பாரித்த அந்தச் சின்ன உதட்டையும் நினைத்தாள்.

"எனக்கு மெஷின் வேண்டாங்க டாக்டர்."

"ஏம்மா?"

"மூஞ்சில எதையாச்சும் கட்டுனா எனக்கு ஆகாதுங்க. ரத்தம் வேணா எடுத்துக்குங்க. எத்தனை தடவை வேணாலும் எடுத்துக்குங்க."

அவர்கள் இருவரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. காரணத்தையும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் பாலச்சந்திரன் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு படுத்தார். பள்ளியிலிருந்து வந்த மீனு அடுத்த அறையில் தூங்கிப் போனாள். பாமா இரண்டு அறைக்கும் நடுவில் நின்று காது கொடுத்தாள். இரண்டு பேர் மூச்சும் சீராக வந்துகொண்டிருந்தது. பிறகு ஹால் நாற்காலியில் உட்கார்ந்தாள். வாயை இறுக மூடித் தன் மூச்சைத் தானே அடக்கிப் பார்த்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு.

அவளுடைய கழுத்தை ஒட்டி, யாரோ அவசரமே இல்லாமல் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

அவள் மூச்சை விட்டாள். அது நின்றது.

வெளியே லேத்து ஓடிக்கொண்டே இருந்தது. பாமா கண்ணை விழித்து விழித்துப் பார்த்தாள். தூக்கம் அவள் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது.