பன்னிரண்டு வோல்ட் வெளிச்சம்

விளக்கின் கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் அவளுக்கு முதலில் பிடிக்கவில்லை. குளிர்ந்த தண்ணீருக்குள் கிடக்கிற எல்இடி விளக்கு, காய்ச்சல்காரக் குழந்தையின் கன்னம் போல எப்படிச் சுடும்? விரலில் ஏதோ வழவழவென்று ஒட்டியது. முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தும் அந்த உணர்வு போகவில்லை.

விளக்கு கேட்டதே அவள்தான். கணவன் ஆசைப்பட்டுத் தோட்டத்தில் வெட்டிய சின்னக் குளம் அது. ஒரு நாள் இருட்டத் தொடங்கிய நேரத்தில் மூன்று வயது மகள் அதன் ஓரத்தில் வழுக்கி விழப்பார்த்தாள். கவுனைப் பிடித்து இழுத்திராவிட்டால் அவ்வளவுதான். “அங்க ஒரு வெளிச்சம் வேணும். இல்லன்னா குளத்த மண்ணப் போட்டு மூடிருவேன்” என்று கணவனிடம் சொல்லிவிட்டாள்.

சூரிய ஒளியில் ஓடும் விளக்கு, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் மங்கிவிடுமாம். நிறம் மாறும் விளக்கு மீனை மிரட்டுமாம். பித்தளை மூடி போட்ட நல்ல விளக்கின் விலையைப் பார்த்ததும் கணவன் போனை மூடி வைத்தான். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதைதான். கடைசியில் மீன் தொட்டிக் கடைக்காரர் கீழ்த்தட்டிலிருந்து பழைய விளக்கு ஒன்றை எடுத்தார்.

“யாரோ வேண்டாம்னு குடுத்துட்டுப் போனது. எரியுது, அது போதாதா?”

துணியால் துடைத்துக் கொடுத்தார். பிறகு அந்தத் துணியைக் குப்பையில் போட்டார். அவள் அதைக் கவனித்தாள்.

மறுநாளே கண்ணாடியைச் சுற்றிக் கோழை போல ஒன்று படிந்தது. துடைக்கத் துடைக்க, இன்னும் தடிமனாக வந்தது. அவள் பல் மருத்துவமனையில் கருவிகளைச் சுத்தம் செய்கிறவள்; அந்த வாடை அவளுக்குத் தெரியும். சொத்தைப் பல்லைத் திறக்கும்போது வருவது. இதில் கூடவே ஒரு தித்திப்பு. கணவனோ தினமும் சாயங்காலம் வெறுங்கையை விட்டு வழித்து எறிந்தான்.

“கிளவுஸ் போட்டுக்கிட்டுத் துடைங்களேன்.”

“பன்னெண்டு வோல்ட்தான். ஷாக்கெல்லாம் அடிக்காது.”

“நான் ஷாக்கயா சொன்னேன்?”

“உனக்குக் கொசு தும்முனாக்கூடக் கிருமிதான்” என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்கு அப்பாவின் கட்டைவிரலைச் சப்பினால்தான் தூக்கம் வரும். சொந்த விரல் ருசிக்காதாம். அதனால் அந்தக் கை வீட்டுக்குள் வரும்போதெல்லாம் கழுவச் சொல்லி நச்சரித்தாள்.

அப்புறம் மீன்கள் இரைக்காக மேலே வருவதை நிறுத்தின. எல்லாம் விளக்கோடு வாயை ஒட்டிக்கொண்டு நின்றன. இன்று அவள் வேலை முடிந்து வரும்போது இருட்டியிருந்தது. குளத்தோரம் குனிந்து, நன்றாகப் பார்த்தாள். மீன்கள் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஒன்றுக்குத் தோலே இல்லை. தெளிந்த கோழைக்குள் முள் மட்டும் தெரிந்தது. செவுள் மூடித் திறந்தது. உயிர் இருந்தது.

புல்லிலேயே வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

விளக்கு அணைந்தது.

மீன்கள் அணையவில்லை.

வயிற்றுக்குள்ளிருந்து மஞ்சளாக எரிந்தன. எல்லாம்.

ஓடினாள். படியில் கால் இடறியது. கூடத்தில் யாருமில்லை. படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

“கையக் கழுவுனீங்களா?”

“மெதுவா பேசு. இப்பதான் கண்ண மூடுறா.”

“கழுவுனீங்களா இல்லயா?”

“பேண்ட்ல துடச்சேன். இவ விட்டாத்தானே. இன்னிக்கு விரல் இனிக்குதாம்.”

அவன் சிரிப்பது தெரிந்தது. பல் தெரிந்தது. அறையில் விளக்குப் போடவில்லை. ஜன்னலும் மூடியிருந்தது.

அப்படியானால், எப்படித் தெரிகிறது?

அந்த வாடை. தித்திப்பு.

பார்வையைக் கட்டிலுக்கு இறக்கினாள். மகளின் கன்னம் உள்ளிருந்து மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அதில் பால் பற்கள் வரிசையாக, கறுப்பாக. அவற்றுக்கு நடுவே அப்பாவின் கட்டைவிரல். சதை இல்லாமல், எலும்பு மட்டும். கடைவாயில் வழிந்த கோழையை நாக்கால் நக்கிவிட்டு, குழந்தை கண்ணைத் திறக்காமல் சப்பிக்கொண்டே இருந்தது.