இடைவெளி இல்லாத கோடு

கோடு நேராக இருந்தது.

நேரான கோட்டைப் பார்த்து எவனாவது பயப்படுவானா? அசுவா நகரத் தொலைபேசி நிலையத்தின் தலைமைப் பொறியாளர் ரடாமெஸ் பெல்த்ரேயும் தன்னை அப்படித்தான் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தார். திரையில் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. குளிர்சாதனத்தின் கோடு மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கியது. இணைப்புப் பெட்டிகளின் கோடுகள், ஊரில் எத்தனை பேர் ஃபோனில் வம்பளக்கிறார்களோ அதற்கேற்ப நடுங்கின. கடைசிக் கோடு மட்டும் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் கிடந்தது.

கடைசிக் கோடு கம்பெனியுடையது அல்ல. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் நெரெய்டா. அவர் மனைவியின் பெயர்.

அந்தக் கோடுகளை அனுப்பும் சென்சார்கள்தான் ரடாமெஸின் வாழ்நாள் பெருமை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. சுவர் ப்ளக்கில் ஒன்றைச் செருகி, அதன் முதுகில் கருவியின் ஒயரைச் செருகினால், கருவி எத்தனை வாட் குடிக்கிறது என்று நொடிக்கு நொடி திரைக்குச் சொல்லிவிடும். தலைநகரத்து டைரக்டர்களிடம் இதை அவர் 'மின்நுகர்வுக் கண்காணிப்புத் தத்துவம்' என்று விளக்குவார். ப்ளக்கில் செருகுவதற்குத் தத்துவம் எதற்கு என்று கேட்கும் துணிவு அங்கே யாருக்கும் இருந்ததில்லை.

தத்துவத்துக்கு ஒரே ஒரு தொல்லை. இந்த நாட்டில் கரண்ட் போகும். போனால் இன்டர்நெட்டும் போகும், சென்சார் வாயை மூடிக்கொள்ளும், கோட்டில் ஓட்டை விழும். "என்னப்பா இது, எலி கடிச்ச மாதிரி இருக்கு?" என்று ஒரு டைரக்டர் கேட்டுவிட்டார். அன்று மாலையே ரடாமெஸ் புதிய கட்டளை ஒன்றைச் சேர்த்தார்: சென்சார் பேசாவிட்டால், அது கடைசியாகச் சொன்ன எண்ணையே திரும்பத் திரும்பப் போடு. அதற்கு 'நிரப்பு' என்று பெயரும் வைத்தார். ஓட்டைகள் மறைந்தன. டைரக்டர்கள் கைதட்டினார்கள். 'இடைவெளி அறியாத பொறியாளர்' என்று பொறித்த கண்ணாடிப் பலகை பரிசாக வந்தது. குளிர்சாதனம் கொஞ்சம் பலமாக வீசினால் அது மேசையிலிருந்து விழும்.

போன மாதம் அந்தச் சென்சார்களில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய் நெரெய்டாவின் கட்டிலோரம் செருகினார். அவளுடைய நுரையீரல் ஓய்ந்துவிட்டது. அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக்கு அனுப்பும் மெஷின் ஒன்று இரவும் பகலும் ஓடினால்தான் அவள் இருப்பாள். அது நின்றால், ஒரு கோப்பைக் காபி ஆறுவதற்குள் உதடு நீலமாகும். வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரிகள் வீங்கிச் செத்துவிட்டன, புதியவை இன்னும் வரவில்லை. கட்டிலருகே ஆபத்துக்கு ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் உண்டு. ஆனால் அதன் திருகு அவர் கைக்கே முரண்டு பிடிக்கும்.

"கரண்ட் போனா கோடு சொல்லும். கோடு சொன்னா நான் பறந்து வந்து திறப்பேன்" என்று சொல்லியிருந்தார். நெரெய்டா சிரித்தாள். "உனக்குப் பொண்டாட்டியும் ஒரு ப்ளக்குதான்."

அந்த மெஷின் ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் விடும்போதெல்லாம் கோட்டில் ஒரு சின்னப் பல் முளைக்கும். ரம்பம் போல இருக்கும் கோடு. இப்போது பல்லே இல்லை.

"என்ன இஞ்ஜினியரே, கோட்டுக்குக் கண்ணு பட்டுடுச்சா?" என்றாள் யொகாஸ்தா. அந்த ஜன்னலில்லாத கூடத்தில் அவருடன் பத்து வருடமாகக் குளிரில் விறைக்கும் டெக்னீஷியன்.

"இது ஏன் இவ்வளவு நேரா இருக்கு?"

"கோடுன்னா ஒழுங்கா இருக்கணும்னு எங்களை வறுத்தெடுக்கிறது நீங்கதான். இப்ப ஒழுங்கா இருக்கு, அதுக்கும் அழுதா எப்படி?"

அவர் மேசை ஃபோனை எடுத்தார். அந்தக் கூடத்துக்குள் செல்ஃபோன் சிக்னல் வராது. ஊருக்கெல்லாம் ஃபோன் கொடுக்கும் கட்டிடம் அப்படி. வீட்டில் பழைய செம்புக் கம்பி ஃபோன்தான் கட்டிலோரம் இருந்தது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும், ஏனென்றால் அதற்கு உயிர் இந்தக் கூடத்தின் பேட்டரிகளிலிருந்து போகிறது. மத்தியானம் வழக்கம்போல் பேசியிருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டாள், இன்னும் இல்லை என்றார், சிரித்துவிட்டுத் திட்டினாள். பின்னால் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனது.

மணி அடித்தது. எடுத்தாள்.

"ஓடுது கிழவா, ஓடுது. நீ சாப்பிட்டியா?"

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. "சாப்பிட்டேன், சாப்பிட்டேன்" என்று பொய் சொன்னார்.

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. "காந்தல் வெச்சிருக்கேன், ஆறினா கல்லாப் போயிடும். போய்த் தின்னு." பின்னால் ஒலிபெருக்கி: "வாழைக்காய், மரவள்ளி, முட்—" வைத்துவிட்டாள்.

"ஓடுதாம்" என்றார் யொகாஸ்தாவிடம், பெரிய வழக்கில் ஜெயித்தவர் தோரணையில். டிபன் டப்பாவைத் திறந்தார். சோறு, பீன்ஸ், கறி, ஓரத்தில் பானை அடியில் பிடித்த பொன்னிறக் காந்தல். ஒரு துண்டைக் கடித்தார். கல்லாகத்தான் போயிருந்தது. விசிறிகள் இரைந்தன. எங்கோ ஒரு ரிலே டிக்கென்றது. மெல்லுவதை நிறுத்தினார்.

சாப்பிட்டேன் என்றுதானே சொன்னேன்?

சாப்பிட்டவனை எதற்குப் போய்த் தின்னச் சொல்கிறாள்? காய்கறி வண்டி அந்தத் தெருவுக்கு மத்தியானம் ஒரு தடவைதான் வரும். அந்த 'முட்'. மத்தியானமும் அங்கேயேதான் அறுந்தது.

காந்தல் வாயில் மணலாகக் கிடந்தது. ஃபோனை மறுபடி எடுத்தார். யொகாஸ்தாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஓடுது கிழவா, ஓடுது. நீ சாப்பிட்டியா?"

"நெரெய்டா, வீடு தீப்பிடிச்சுடுச்சு."

சிரித்தாள். இருமினாள். "காந்தல் வெச்சிருக்கேன், ஆறினா கல்லாப் போயிடும். போய்த் தின்னு."

"வாழைக்காய், மரவள்ளி, முட்—"

இந்த முறை ஃபோன் வைக்கப்படவில்லை. ஒரு கணம் இரைச்சல். பிறகு, "ஓடுது கிழவா, ஓடுது. நீ சாப்பிட்டியா?"

யொகாஸ்தாவின் முகத்தில் கிண்டல் வடிந்துபோயிருந்தது. "இஞ்ஜினியரே... அந்த நிரப்பு. அது வீட்டுச் சென்சாருக்கும் சேர்த்துத்தானே?"

எல்லாச் சென்சாருக்கும்தான். விதிவிலக்கு வைத்தால் தத்துவம் கெட்டுவிடும் என்று அவரே கூட்டத்தில் முழங்கியிருந்தார்.

"நிரப்பை எடுத்துப் பார்க்கிறேன்" என்று யொகாஸ்தா விசையைத் தட்டினாள்.

நேர்கோடு மறைந்தது. அது இருந்த இடத்தில், மத்தியானத்துக்குச் சற்றுப் பிறகிலிருந்து இந்த நொடிவரை, வெறும் கறுப்பு. அதே கணத்தில் ஸ்பீக்கரில் குரல் அறுந்தது. நடு வார்த்தையில். இரைச்சல்கூட இல்லை. மூடிய கிணற்றுக்குள் காதை வைத்ததுபோல ஒரு அமைதி.

"போடு!" என்று அலறினார். "திரும்பப் போடு!"

தட்டினாள். கோடு வந்தது.

"ஓடுது கிழவா, ஓடுது."

யொகாஸ்தா சிலுவை போட்டுக்கொண்டாள். "கன்னித்தாயே. இஞ்ஜினியரே, இது உங்க—"

"யாரும் தொடக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் அதை யாரும் தொடக்கூடாது."

வெளியே சாயங்கால வெயில் முகத்தில் அறைந்தது. கதவைத் தாண்டியதும் செல்ஃபோனுக்கு சிக்னல் வந்தது. சட்டைப் பையில் அது துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. எடுக்காத அழைப்புகள், வரிசையாக, எல்லாம் நெரெய்டாவின் செல்ஃபோனிலிருந்து. கடைசி அழைப்பின் நேரத்தைப் பார்த்தார். மேசை ஃபோனில் அவள் 'ஓடுது' என்று சொல்ல, இவர் நெஞ்சிலிருந்து கல் இறங்கிய அதே நேரம். அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

அவர் தெருவில் எல்லா வீட்டு நாற்காலிகளும் வாசலுக்கு வந்திருந்தன. ஆண்கள் டோமினோ கட்டைகளை மேசையில் அறைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கசில்டா, தெருவே மரியாதையாக 'டோன்யா' என்று கூப்பிடுபவள், அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாய்யா ரடாமெஸ்! மத்தியானம் போன கரண்ட்டு. எங்க இன்வெர்ட்டரும் மூச்சை விட்டுடுச்சு. உன் கம்பெனிக்கு மட்டும் நாள் பூரா வரும், இல்ல?"

"நெரெய்டா..."

"உள்ளதான் இருக்கா. உன்கூடப் பேசிக்கிட்டே இருக்கா, சாயங்காலத்துலேர்ந்து ஓயவே இல்ல. கதவைத் தட்டினாக்கூடத் திறக்கல. அப்படி என்னதான்யா பேசுவீங்க ரெண்டு பேரும்?"

சாவி துவாரத்தைத் தேடியது. திறந்தது.

உள்ளே இருட்டு. மூடிய ஜன்னல்களின் புழுக்கம், தைலவாசனை, தீய்ந்த சோற்றின் வாசனை, அவற்றுக்கு அடியில் அவரால் பெயர் சொல்ல முடியாத ஒரு இனிப்பு வாடை. ஒரு மாதமாக அந்த வீட்டின் சுவரே முனகுவதுபோல் இரைந்துகொண்டிருந்த மெஷின் இரையவில்லை. படுக்கையறைக் கதவிடுக்கில் குரல் மட்டும்.

"நீ சாப்பிட்டியா?"

தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய். காதோடு சேர்த்துப் பிடித்த செம்புக் கம்பி ஃபோன். தரையில் செல்ஃபோன், கவிழ்ந்து. சிலிண்டரின் திருகில் கீறல்கள், கீறல்களில் அவள் நகச்சாயத்தின் சிவப்பு. ஒரு கையின் ஐந்து நகங்களும் சதையோடு முறிந்திருந்தன.

"நெரெய்டா."

அவள் சிரித்தாள். மார்பு எழவில்லை. இருமினாள். மார்பு எழவில்லை. நீல உதடுகள் மட்டும் அசைந்தன. கன்னத்தைத் தொட்டார். கூடத்தின் குளிர்சாதனக் காற்று போலச் சில்லென்றிருந்தது.

"காந்தல் வெச்சிருக்கேன், ஆறினா கல்லாப் போயிடும். போய்த் தின்னு."

பிறகு, அதே வாய் இன்னும் அகலமாகத் திறந்தது. அதற்குள்ளிருந்து ஒரு ஆணின் குரல், ஒலிபெருக்கியின் கரகரப்போடு, தெருவில் தேய்ந்து போகும் வண்டியின் தூரத்தோடு கத்தியது.

"வாழைக்காய், மரவள்ளி, முட்—"

வாய் மூடியது.

"ஓடுது கிழவா, ஓடுது."

அவர் சுவரோடு ஒட்டினார். கால் ஓடச் சொன்னது. கை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. செத்துவிட்டாள். இல்லை, பேசுகிறாள். செத்துவிட்டாள். என் பெயர் சொல்லாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

அப்போது தெருக்கோடியிலிருந்து அந்தச் சத்தம் எழுந்தது. இந்த நாட்டில் பிறந்தவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும் சத்தம்.

"கரண்ட் வந்துடுச்சே-ஏ-ஏ!"

கைதட்டல். விசில். ஒரு வீட்டில் பாட்டு வெடித்தது. அடுத்த வீடு. "வந்துடுச்சு!" அதற்கடுத்தது. கூச்சல் வீடு வீடாகத் தாவி வந்தது.

அவருக்குப் புரிந்தது. கரண்ட் வந்தால் சென்சார் பேசும். சென்சார் பேசினால் நிரப்பு நின்றுவிடும். உண்மையான எண் வரும்.

மூன்று வீடு தள்ளி. "வந்துடுச்சு!"

ஓடினார். ஸ்டூலில் முழங்கால் இடித்தது. மெயின் சுவிட்ச், வாசல் கதவுக்கு மேலே. கை எட்டவில்லை. எகிறினார்.

இரண்டு வீடு.

விரல் பட்டது. வழுக்கியது.

கசில்டாவின் வீட்டு ஃபேன் சுழலத் தொடங்கும் சத்தம்.

டக்.

கீழே இழுத்துவிட்டார்.

கூச்சல் அவர் கூரைக்கு மேலே தாவி அடுத்த வீட்டில் இறங்கி, தெருவின் மறுகோடிக்குப் போய்விட்டது. கதவிடுக்கில் வெளிச்சம் கத்தி போல் நுழைந்தது. உள்ளே அதே இருட்டு. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஓடுது."

"ரடாமெஸ்!" கசில்டா வேலிக்கு மேலிருந்து கத்தினாள். "உன் வீட்டுல மட்டும் வரலையேய்யா! இஞ்ஜினியர் வீட்டுக்கே இந்தக் கதியா?"

"வந்துடுச்சு டோன்யா" என்றார் இருட்டிலிருந்து. "வந்துடுச்சு."

செல்ஃபோன் துடித்தது. யொகாஸ்தாவாக இருக்கும். எடுக்கவில்லை. அதில் கோட்டை மட்டும் திறந்து பார்த்தார். ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் இருந்தது. கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ சாப்பிட்டியா?"

இப்போது சரியான பதிலைச் சொன்னார். "இன்னும் இல்ல."

சிரித்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. தெருவெளிச்சத்தின் ஒரு கீற்று அவள் முகத்தில் விழுந்திருந்தது. தலையணையிலிருந்து ஒரு எறும்பு தாடையில் ஏறி, கீழுதட்டின் ஓரம் நின்று, மீசையால் தடவிப் பார்த்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால், கட்டில் காலிலிருந்து, இடைவெளியே இல்லாமல் ஒரு கறுப்புக் கோடு.

"காந்தல் வெச்சிருக்கேன்" என்றாள் நெரெய்டா. முதல் எறும்பு உள்ளே போனது. "ஆறினா கல்லாப் போயிடும். போய்த் தின்னு."

வாய் அகலமாகத் திறந்தது.