அறையில் யாரும் வேண்டாம்

அந்த மாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்ததே உள்ளறைக்காகத்தான். ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு கட்டில், சுவரில் பதித்த அலமாரி, மேலே ஒரு குழல் விளக்கு. அதற்குமேல் அதில் ஒன்றும் கொள்ளாது. ஆனால் வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். நாலு வயது மகள் மதியம் தூங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றாள் மனைவி. பழைய வீடு, கொஞ்சம் ஈர வாடை அடித்தது. சாமான்களை ஏற்றி முடித்த அன்றைக்கே மகள் அந்தக் கட்டிலில் ஏறி, சுவரோடு ஒட்டிப் படுத்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத் தூங்கினாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் என் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். பயமெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

நான் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவன். இருபது வருடம் தூரிகையோடு பிழைத்தவன். போன மாதம் பதிப்பக எடிட்டர் போனில் கூப்பிட்டு, "சார், ஒரு விண்வெளி நாவல். பன்னிரண்டு படம். ஏஐல போட்டுடுங்க, பத்து நிமிஷ வேலை," என்றார். இந்தப் பத்து நிமிஷம் என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவனை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பன்னிரண்டும் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இனிமேல் வரும் எல்லாப் புத்தகங்களும் வேறு ஆளுக்கு. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த மெஷினோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்று நிலா கேட்டால் ஐந்து கொடுக்கும். கிழவி என்று எழுதினால் கன்னம் பளபளக்கும் குமரியைக் கொண்டுவந்து நிறுத்தும். கப்பல் தலைவியின் கையில் ஆறு விரல். கையைத் திருத்து என்றால் தலையை மாற்றிவிட்டு, கையை அப்படியே வைத்திருக்கும். கோபித்துக்கொள்ளவாவது எதிரில் ஒரு மூஞ்சி வேண்டாமா? வெறும் பெட்டியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலியே வந்துவிட்டது.

எப்படியோ பதினொன்று முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை மனைவி வந்து வாசலில் நின்றாள்.

"ஏங்க, உங்க மெஷின் போடுற கையப் பாத்துப் பாத்து இவ கெட்டுப்போறா. ஒரு கையில எத்தனை விரல்னு டீச்சர் கேட்டா, ஆறுங்கிறாளாம்."

"நான் இவளுக்குப் படமே காட்டினது இல்லையே."

"பின்ன யாரு காட்டினது? நானா?"

அவள் பின்னாலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "ஆறுதாம்மா. நான் எண்ணிப் பாத்தேன்."

"போ, போய் அஞ்சு வரைக்கும் ஒழுங்கா எண்ணு," என்று விரட்டினேன். எனக்கு அப்போது பன்னிரண்டாவது படம்தான் பெரிய தலைவலி.

நாவலின் கடைசிக் காட்சி அது. நாற்பது வருடமாக இருட்டில் மிதக்கும் கப்பல். கடைசிப் பயணியும் இறந்துவிட்டான். அவன் தூங்கிய சின்ன அறை மட்டும் விளக்கெரிந்தபடி காலியாகக் கிடக்கிறது. யாரும் இல்லை என்பதுதான் அந்தக் காட்சியின் துக்கமே. மெஷினோ கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கூடத்தைப் போட்டு, நடுவில் இடுப்பில் கை வைத்த ஒரு வீரனையும் நிறுத்தியது.

பொறுத்துப் பார்த்துவிட்டு, என் உள்ளறையையே போனில் படம் எடுத்து ஏற்றினேன். 'இந்த அறையை விண்கலத்தின் தூங்கும் அறையாக மாற்று. அறையில் யாரும் வேண்டாம்' என்று எழுதினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன் என்று அப்போது தெரியாது.

நான்கு படங்கள் வந்தன. முதல் முறையாக மெஷின் சொன்னபடி கேட்டிருந்தது. சுவர் உலோகமாகியிருந்தது. குழல் விளக்கு நீலமாக எரிந்தது. அலமாரி கப்பல் பெட்டகமாகவே ஆகிவிட்டது. எல்லாம் கச்சிதம். ஒன்றைத் தவிர.

நான்கிலும் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், ஒருவர் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார்.

என் தப்புதான் என்று நினைத்தேன். குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்றால் குரங்குதானே ஞாபகம் வரும்? இந்த மெஷினும் அப்படித்தான். வேண்டாம் என்று எதைச் சொன்னோமோ அதைத்தான் தேடிப் பிடித்துக் கொண்டுவரும். அழிக்கும் கருவியை எடுத்து அந்த உருவத்தின் மேல் தேய்த்தேன்.

அழிந்தது. ஆனால் புதிதாக வந்த படத்தில் அதே உருவம் அலமாரியின் முன்னால் நின்றது.

அங்கேயும் தேய்த்தேன். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தது.

மறுபடி தேய்த்தேன். கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தது. தலைமாட்டுக்குப் பக்கத்தில்.

விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக மதியம் இரண்டு மணி வரை இப்படியே போனது. சாப்பிடக்கூட எழவில்லை. முப்பது படமாவது இருக்கும். மேஜையைக் குத்தினேன். கடைசியில் வெட்கத்தை விட்டு எடிட்டரைக் கூப்பிட்டேன்.

"சார், அது போட்டோவுல இருக்கறதத்தான் வரையும்," என்றார். "நல்லாப் பாருங்க. எங்கயாவது சட்டை கிட்டை தொங்குதா? அத ஆளுன்னு நெனச்சிருக்கும்."

"ஒன்னும் இல்லீங்க. கட்டில்தான் இருக்கு."

"அப்ப வேற போட்டோ எடுங்க. மணி ரெண்டாச்சு சார்."

உள்ளறைக்குப் போனேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், வழக்கம்போலச் சுவரோடு ஒட்டி, பக்கத்தில் இடம் விட்டு. மனைவி மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை எழுப்ப மனம் வரவில்லை. அவளோடு சேர்த்தே படம் எடுத்தேன். அவள் ஒருத்தியை அழிக்கச் சொல்வது சுலபம்தானே?

மேஜைக்குத் திரும்பி வந்து ஏற்றினேன். குழப்பமே வேண்டாம் என்று இந்தத் தடவை விண்கலம் பற்றி ஒன்றும் எழுதவில்லை. 'இந்த அறையில் இருக்கும் ஆளை மட்டும் எடுத்துவிடு' என்று ஒரே ஒரு வரி.

படம் மெதுவாகத் தெளிந்தது.

மகள் இல்லை. தலையணையில் இருந்த பள்ளம்கூட நிரவப்பட்டிருந்தது. போர்வை சுருக்கமில்லாமல் விரிந்திருந்தது. அங்கே ஒரு பிள்ளை படுத்திருந்ததற்கு அடையாளமே இல்லை.

அது இருந்தது.

அவள் விட்டு வைத்திருந்த இடத்தில் படுத்திருந்தது.

முகம் தெரியவில்லை. காலியான தலையணைப் பக்கம் திரும்பி ஒருக்களித்திருந்தது. ஒரு கை மட்டும் போர்வைக்கு மேலே நீண்டிருந்தது. என்னை அறியாமலே எண்ணினேன்.

ஆறு.

அப்போதும்கூட, என்னைச் சொல்ல வேண்டும், எனக்கு வந்தது கோபம்தான். சனியன் பிடித்த மெஷின், மறுபடியும் ஆறு விரல் போடுகிறதே என்று. பிறகுதான் காலையில் மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் எண்ணிப் பாத்தேன்.

ஓடினேன்.

உள்ளறையில் ஈர வாடை தூக்கலாக அடித்தது. மகள் அதே இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக இருந்தது. அவள் வலது கை மட்டும் பக்கத்துக் காலி இடத்தில் நீண்டிருந்தது. குட்டி விரல்கள் எதையோ சுற்றிப் பிடித்தாற்போல் மடங்கியிருந்தன.

அவளை அள்ளித் தூக்கினேன். உடம்பு வந்தது. தலை என் தோளுக்கு வந்தது.

அந்தக் கை வரவில்லை.

இழுத்தேன். வரவில்லை. வெயில் எரிக்கும் பட்டப்பகலில், பக்கத்து வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருக்க, என் பிள்ளையின் கையை நான் ஒரு பக்கம் இழுக்க, இன்னொரு பக்கம் விடவில்லை.

"விட்டுடு," என்றேன். "என் பொண்ணு. விட்டுடு."

கை வந்தது. தானாகவே, மெதுவாக, ஒவ்வொரு விரலாக.

மகள் கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தாள். "ஏம்ப்பா இழுக்கறே? எண்ணிட்டு இருந்தேன்ல."

மூன்று மணிக்குள் வீட்டைப் பூட்டிவிட்டோம். மனைவி முதலில் நம்பவில்லை. படத்தைக் காட்டினேன். அதன் பிறகு ஒரு கேள்வி கேட்காமல் பையில் துணியைத் திணித்தாள். கீழே குடியிருந்த வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தேன். குடிவந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இருந்தும் ஏன் போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பன்னிரண்டாவது படம் போகவில்லை. புத்தகங்கள் வேறு ஆளுக்குப் போய்விட்டன. போகட்டும். படங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். மச்சான் வீட்டில் இரண்டு வாரம் ஒண்டிக்கொண்டிருந்துவிட்டு, எல்லா அறைக்கும் ஜன்னல் உள்ள ஒரு புது வீட்டைப் பிடித்தோம். மகளை எங்கள் இருவருக்கும் நடுவில், இடுக்கு விடாமல் படுக்க வைத்தோம். இந்த வீட்டில் யாரும் யாரையும் போட்டோ எடுப்பதில்லை.

நேற்றுக் காலை கூடத்தில் நல்ல வெளிச்சம். மனைவி மகளைத் தரையில் உட்கார வைத்துக் கேட்டாள்.

"ஒரு கையில எத்தனை விரல்? எண்ணு பாக்கலாம்."

மகள் தன் இடது கையை விரித்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினாள். "ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு, அஞ்சு."

மனைவி என்னைப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு இருவரும் சிரித்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கெட்டிக்காரி," என்றேன். "அஞ்சுதான். பாத்தியா?"

மகள் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு பக்கம் திரும்பி, காலியாக இருந்த தரையிலிருந்து எதையோ கனமாகத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குனிந்து, பொறுமையாக, வெறும் காற்றில் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"ஒன்னு. ரெண்டு. மூனு. நாலு. அஞ்சு."

நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒன்றைத் தொட்டாள்.