கேமராவுக்குக் காட்டிய கற்பூரம்

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பூவரசனின் சைக்கிள் கடை இருக்கிறது. கடை முகப்பில், உயரத்தில், ஒரு கேமரா. உருண்டைத் தலை, ஒற்றைக் கண். அந்தக் கண்ணுக்குப் பின்னால் போலீஸ் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அங்கே இருப்பது அனுப்பிரியாவின் அம்மா!

அம்மா தீபிகாவுக்குக் கடலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. சாயங்காலம் டீ குடிக்கும் நேரத்தில் போனைத் திறப்பார். பள்ளி விட்டு அப்பா பூவரசனின் கடைக்கு வந்திருக்கும் அனு, இன்டர்நெட் வழியாக அப்படியே அந்தப் போனில் தெரிவாள். தெரிவதோடு விட்டால் பரவாயில்லை. அந்தக் கேமரா பேசவும் செய்யும்.

“அனு! நகத்தக் கடிக்காத!”

உயரத்திலிருந்து குரல் வந்ததும், டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த ஒருவர் பம்பைப் போட்டுவிட்டுத் தன் கைகளைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார். அனுவுக்கு மானமே போயிற்று.

ஒரு புதன்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். அப்பாவின் போனில் ஒரு கேள்வி வந்தது. கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் பழசாகிவிட்டதாம், புதியதை ஏற்றலாமா என்று கேட்டது. அப்பாவின் கையெல்லாம் கிரீஸ். அதனால் ‘சரி’ என்பதை மூக்கால் அழுத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, வழக்கம்போல் ஃபேனை நிறுத்திவிட்டுச் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினார்.

கற்பூரம் அணைவதற்குள் கேமராவில் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. ஒரு பெண்குரல் கறாராகச் சொன்னது:

“அப்டேட் ஃபெயில்டு! ப்ளீஸ் ட்ரை அகெய்ன்!”

அவ்வளவுதான். கேமராவின் கண் மூடிவிட்டது. அனு அன்று பத்து விரல் நகத்தையும் நிம்மதியாகக் கடித்தாள்.

அந்த நிம்மதி மறுநாள் காலை வரைதான் நீடித்தது.

“நான் பாக்க முடியலன்னா உன்ன எப்படிக் கடையில விடறது? ரோட்டுல பஸ்ஸுங்க வேற ஜாஸ்தி” என்றார் அம்மா, அனுவுக்குத் தலை பின்னியபடியே. “கேமரா சரியாகலன்னா திங்கக்கிழமையிலேர்ந்து ராமாமிர்தம் சார் வீட்டுல டியூஷன்.”

அனுவுக்குப் பகீரென்றது. ராமாமிர்தம் சார் பத்தொன்பதாம் வாய்ப்பாட்டைக் கடைசியிலிருந்து முதல் வரைக்கும் சொல்லச் சொல்பவர்!

அம்மா ரிப்பனைக் கட்டிவிட்டு மெல்லச் சொன்னார்: “டீ குடிக்கறப்ப உன் மூஞ்சியப் பாத்தே பழகிட்டேன். நேத்து டீயே எறங்கலடி.”

அனுவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அம்மா திட்டுவதற்குத்தான் தினமும் பார்க்கிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கேமரா எப்படியாவது சரியாக வேண்டுமே என்று அப்போதுதான் முதல்முறையாக ஆசைப்பட்டாள்.

அன்று மாலை பெண்ணாடத்திலிருந்து இளவரசு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. செல்போன் ரிப்பேர் கற்றுக்கொள்ளப் போய், எல்லாம் தெரிந்துவிட்டது என்று மூன்றாம் நாளே திரும்பி வந்தவர். நல்ல பருத்த உடம்பு.

“இதெல்லாம் நமக்கு ஜுஜுபி, மாமா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஸ்டூலில் ஏறிக் கேமராவின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“ப்ளீஸ் ட்ரை அகெய்ன்!” என்றது கேமரா.

“ட்ரை பண்ணாமயாம்மா நிக்கறோம்?” என்றார் மாமா.

“நேத்து மூக்கால அழுத்தினதுதான் தப்பு, மச்சான்” என்றார் அப்பா. “முறையா செய்வோம்.”

கேமராவின் நெற்றி எது என்று தெரியாததால் குத்துமதிப்பாக ஓர் இடத்தில் குங்குமம் வைத்தார். விரலால் பட்டனை அழுத்தினார். போனில் ஒரு கோடு மெல்ல நீளத் தொடங்கியது. உடனே அப்பா கேமராவுக்குக் கற்பூரம் ஏற்றினார். சுடர் படபடத்தது.

“மச்சான், ஃபேன நிறுத்து!”

மாமா சுவிட்சைத் தட்டினார். ஃபேன் நின்றது. சுடர் நிமிர்ந்தது. ஆனால், கோடும் அங்கேயே நின்றது.

“அப்டேட் ஃபெயில்டு!”

கேமரா மாட்டிய சார்லஸ் அண்ணனுக்குப் போன் போட்டார்கள். அவர் அண்ணாகிராமத்தில் வேறு வேலையில் இருந்தார்.

“அடுத்த வாரந்தான் வருவேண்ணே. அப்டேட் முடியற வரைக்கும் நெட்டு கட் ஆகக் கூடாது. பாத்துக்குங்க.”

“நெட்டு எங்க கட் ஆவுது? கரண்டே போவலியே! கேமராவுல லைட்டு கூட எரியுதே!” என்று அப்பா சத்தியம் செய்தார்.

வெள்ளிக்கிழமை பக்தி கூடிவிட்டது. குங்குமத்தின் மேல் இன்னொரு குங்குமம். கேமராவின் கழுத்தில் ஓர் எலுமிச்சம்பழம். பெரிய கட்டிக் கற்பூரம். அனு மூலையில், வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில், வீட்டுப்பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா பட்டனை அழுத்தினார். கோடு நீண்டது.

“மச்சான், ஃபேன்!”

மாமா சுவிட்சைத் தட்டினார். அனுவின் காதோரம் ‘டிக்’ என்றது. திரும்பிப் பார்த்தாள். பெட்டியில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்துபோயிருந்தன.

“அப்டேட் ஃபெயில்டு!”

“தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கலாம், மாமா” என்றார் இளவரசு மாமா.

“இருங்க மாமா” என்று எழுந்தாள் அனு. சுவிட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. அணைத்தாள். ஃபேன் நின்றது, பச்சையும் போனது.

“அப்பா, ரெண்டுக்கும் ஒரே சுவிட்சுப்பா! நெட்டு தானா கட் ஆவல. நாமதான் கட் பண்றோம்!”

அப்பா தானே ஒருமுறை சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். பச்சை எரிந்தது.

“அப்ப நல்லது நடக்கணும்னு கற்பூரத்த ஏத்தி, நாந்தான் அத கெடுத்தேனா?” என்றார் அப்பா.

“நானும் அதத்தான் சொல்ல வந்தேன்” என்றார் மாமா, உத்தரத்தைப் பார்த்தபடி.

“சரி, கற்பூரம் வேணாம். சும்மாவே அழுத்துவோம்.” அப்பா தட்டைக் கீழே வைத்தார். அவர் முகம் வாடிவிட்டது. சாமிக்குச் சொல்லாமல் ஒரு செயினைக்கூட மாட்டாதவர் அவர்.

அனுவுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பையிலிருந்து பரீட்சை அட்டையை உருவினாள்.

“நீங்க ஏத்துங்கப்பா. ஃபேன் பாட்டுக்குச் சுத்தட்டும்.” அட்டையைத் தட்டின் ஒரு பக்கம் நிறுத்திப் பிடித்தாள். “மாமா, நீங்க இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. காத்து உங்களத் தாண்டி வராது!”

மாமா மூச்சை இழுத்து வயிற்றை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு வேலையைச் சரியாகச் செய்தார். ஃபேன் சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, சுடர் அசையாமல் நின்றது. வாசலில் பஞ்சருக்கு வந்தவர்கூட வண்டியைச் சாய்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கோடு நீண்டது. பாதி தாண்டியது. கற்பூரம் எரிந்து முடிந்த பிறகும் நீண்டுகொண்டே போனது. அனு அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனையே பார்த்தாள். இன்னும் கொஞ்சம்தான். இன்னும் துளிதான்...

கேமராவின் சிவப்பு விளக்கு பச்சையானது. கர்ரென்று ஒரு சத்தம்.

“அனு! நகத்தக் கடிக்காத!”

“அம்மா!” என்று கத்தினாள் அனு. இந்தத் திட்டைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண் சிதம்பரத்திலேயே வேறு யாரும் இருக்க மாட்டாள்.

“ஆமா, ஏன் எல்லாரும் செவசெவன்னு இருக்கீங்க? என்னா ஆச்சு உங்களுக்கு?”

அப்பாவும் மாமாவும் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார்கள். குத்துமதிப்பாக வைத்த குங்குமம், அதன் கண்ணிலேயே பாதி அப்பியிருந்தது! மாமா துண்டை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார்.

“தொடைக்கறது அப்பறம், தம்பி. நீ மறைக்காத, எறங்கு. மொதல்ல என் டீய குடிச்சிக்கறேன்” என்றார் அம்மா.

கடலூரில் அவர் டீயை உறிஞ்சிய ‘சர்ர்’ சத்தம் சிதம்பரத்துச் சைக்கிள் கடை முழுக்கக் கேட்டது. அனு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த டீ தீரும் வரை கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றாள்.