பாய் ஓரம் ஒரு ஜோடிச் செருப்பு

ஞாயிறு, காலை 11.50.

இன்ஸ்பெக்டர் தேவானை உள்ளே நுழைந்தபோது அந்த அரங்கில் அறுபது பேர் இருந்தார்கள். அறுபது பேருக்கும் வெறுங்கையால் ஓர் ஆளைச் சாய்க்கத் தெரியும். அடுத்து என்ன செய்வது என்றுதான் ஒருத்தருக்கும் தெரியவில்லை. சுவரோரமாகச் சாய்ந்தும் குந்தியும் கிடந்தார்கள்.

சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கம். நடுவில் நீலமும் சிவப்புமாக ரப்பர் பாய்கள். அதன்மேல் ஓர் இளைஞன் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் ஆம்புலன்ஸ்காரர்கள் கழற்றி வைத்த மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். கொஞ்சம் தள்ளி, முக்கால் அடி நீளத்தில் ஒரு கத்தி.

ஏட்டு செம்பியன் ஒப்பித்தார்.

"மாநில அணிக்கு ஆள் எடுக்கிற கராத்தே போட்டி, மேடம். பதினொண்ணு இருபதுக்கு இவன் ஹெல்மெட்ட மாட்டிக்கினு கத்தியோட பின் கதவு வழியா ஓடியாந்தான். நேரா மாஸ்டர் ஜவஹரைக் குத்தப் போனான். ஃபைனல் ஆட நின்ன சித்தார்த்தன் குறுக்க பாஞ்சு தொண்டையில ஒரே அடி. ஆள் காலி. ஒரு புள்ளயோட அப்பா எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுத்துது. சித்தார்த்தன் இப்ப ஹீரோ."

"செத்தவன் யாரு?"

"தமிழ்மாறன். இருபத்திரண்டு வயசு. இதே மாஸ்டர்கிட்ட படிச்சவன்தான். போன வருஷம் தொரத்திட்டாங்களாம். அந்த ஆத்திரம்."

தேவானை ஒரு காலத்தில் காவல்துறைக்காக ஜூடோ ஆடியவள். முழங்கால் போனதும் ஆட்டம் போயிற்று, பழக்கம் போகவில்லை. ஜூடோ ஆடியவர்கள் ஆளைக் காலிலிருந்துதான் பார்ப்பார்கள். மற்றவர்கள் எல்லாம் கத்தியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் செத்தவனின் பாதங்களைப் பார்த்தாள். வெறுங்கால். வலது காலில் சுண்டுவிரல் இல்லை. பழைய காயம், எப்போதோ ஆறியது.

"செருப்பு எங்க?"

செம்பியன் கேட்டுப் பார்த்து, யாரும் தன்னுடையது என்று சொல்லாத ஒரு ஜோடியைக் காட்டினார். பின் கதவுப் பக்கம், பாயின் ஓரத்தில், ரப்பர் செருப்பு இரண்டும் ஒட்டி வைத்தாற்போல் நின்றன. முனை கதவைப் பார்த்திருந்தது. அந்த வரிசையில் அதேபோல முனை வெளியே திரும்பி இன்னும் நாற்பது ஜோடிகள் இருந்தன.

"குத்திட்டு ஓடப் போறவன் செருப்ப அழகா கழட்டி வெப்பானா, ஏட்டய்யா?"

"கோயிலுக்கு வந்த மாதிரி வெச்சுகிறான்," என்றார் செம்பியன். அவருக்கும் கொஞ்சம் உறுத்தியது.

தேவானை கையுறை போட்ட விரலால் கத்தியின் விளிம்பைத் தடவினாள். தக்காளியைக்கூட நறுக்காது. முனையை யாரோ அரத்தால் ராவி மழுக்கியிருந்தார்கள்.

12.30.

சித்தார்த்தன் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தான். இருபத்துநாலு வயது. குரலில் நடுக்கமில்லை.

"அவன் யார்னு தெரிஞ்சுதா?"

"ஹெல்மெட் மேடம். தெரியல."

"தொண்டையப் பார்த்து அடிச்சியா?"

"பார்க்கல. யோசிக்கவும் இல்ல. பழக்கம் மேடம். கை தானா போச்சு."

தேவானை வீடியோவை நான்கு முறை ஓட்டினாள். கத்தி உள்ளே வருகிறது. ஒரு நடுவர் மேசைக்கடியில் போகிறார். பத்துப் பன்னிரண்டு கறுப்புப் பட்டைக்காரர்கள் கல்லாய்ச் சமைந்து நிற்கிறார்கள். ஓர் அம்மா மட்டும் தன் பிள்ளையோடு பக்கத்துப் பிள்ளையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. மணி அடித்து, வணங்கி, எதிராளியைப் பார்த்துவிட்டு மோதுகிற மோதல் வேறு, முன்னறிவிப்பில்லாமல் வருகிற கத்தி வேறு. கத்தியைக் கண்டால் விலகு, நடுவில் ஒரு நாற்காலியைப் போடு என்றுதான் எந்த வாத்தியாரும் சொல்வார். சித்தார்த்தன் விலகவில்லை. யாரும் கூச்சல் போடுவதற்கு முன்பே, வழக்கமான பஸ்ஸுக்குப் போகிறவன் மாதிரி இரண்டு அடி முன்னால் வந்து நின்றான்.

உதவி ஆணையரின் போன் வந்தது. "தற்காப்பு. ஊரே பார்த்திருக்கு. இதுல துப்பறிய என்னம்மா இருக்கு? செவ்வாய்க்கிழமை சாயந்தரம் ஃபைல் என் மேசைக்கு வரணும்."

ஞாயிறு, மாலை 3.15.

பிணவறை வாசலில் பொன்னுரங்கம் நின்றிருந்தார், செத்தவனின் அப்பா. தி.நகரில் ஒரு துணிக்கடைக்கு மூட்டை இறக்குகிறவர். அடையாற்றங்கரையில் இருந்த குடிசையை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு, இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவர். டீக்கடை டிவியில் மகனை "கத்தி ரவுடி" என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் ரவுடி இல்ல மேடம். காலீல ரெண்டு இட்லி துன்ட்டு, 'நைனா, மாஸ்டர் திருப்பிக் கூப்ட்டுகிறாரு, கிளப்புலயே வேல போட்டுத் தர்றாராம்'னு சிரிச்சிக்கினே போனான். குத்தப் போறவன் சிரிச்சிக்கினா போவான்? நான் சொன்னா எவன் கேக்கறான்."

ஏழை சொல் அம்பலம் ஏறாது. தேவானைக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும்.

"கால் விரல் எப்படிப் போச்சு?"

"வூட்ட இடிச்சப்போ தகரம் வுழுந்துச்சு. பதினஞ்சு வயசு அவனுக்கு. அதோடயே ஆடுனான்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உயிர் வராது. தெரியும். அந்த ரவுடின்ற பேர மட்டும் எடுத்துக் குடு மேடம். எனக்கு அது போதும்."

உள்ளேயிருந்து செம்பியன் ஒரு பொருளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். செத்தவன் சட்டைக்குள்ளே மார்புக் கவசம் கட்டியிருந்தான். பின்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் 14 என்று எழுதியிருந்தது.

திங்கள், காலை 10.00.

மந்தைவெளியில் ஜவஹரின் பயிற்சிக்கூடம். ஐம்பது வயதுக்காரர். உள்ளே வருகிற சின்னப் பிள்ளைகள்கூடச் செருப்பைக் கழற்றி, முனையை வெளியே திருப்பி வைத்துவிட்டு, பாயைக் கும்பிட்டுக் கால் வைத்தார்கள். அவர் வைத்த சட்டம் அது. தப்பினால் நூறு தண்டால்.

அலமாரியில் மார்புக் கவசங்கள் எண் வரிசையில் தொங்கின. பதின்மூன்று இருந்தது. பதினைந்து இருந்தது.

"பதினாலு எங்க?"

"தொலைஞ்சிருக்கும்."

"சனிக்கிழமை எண்ணி எழுதின நோட்டுல இருக்கே, மாஸ்டர்."

ஜவஹர் அலமாரிக் கதவைச் சாத்தினார்.

சுவரில் பெரிதாய் ஒரு படம், கண்ணாடி போட்டது. தலைக்கும் முகத்துக்கும் கவசம் மாட்டிய வீரன் ஒருவன் எகிறி உதைக்கிறான். உள்ளங்கால் நேராகப் படம் பிடித்தவனைப் பார்த்து விரிந்திருக்கிறது. கீழே ஒட்டிய தாளில், "சித்தார்த்தன், மாநிலத் தங்கம்." இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

"இந்தச் சான்றிதழாலதான் அவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டுல அரசாங்க வேலை கிடைச்சுதா?"

"ஆமா. அடுத்த மாசம் சரிபார்ப்பு."

தேவானை அந்தப் படத்தின் முன்னால் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதைக் கழற்றச் சொன்னாள்.

திங்கள், மாலை 4.00.

ராயப்பேட்டையில் விளையாட்டுச் சாமான் தைக்கிற மெஹபூப் அலியின் கடை. அவர் மகள் சிம்ராதான் போட்டியில் உபகரண மேசையில் இருந்தவள். மோதுகிறவனின் கையுறையைச் சோதித்து, மணிக்கட்டில் பட்டை ஒட்டி, பச்சை மையில் கையெழுத்துப் போடுவாள். மோதல் முடியும்வரை அதைக் கழற்றக் கூடாது.

"சித்தார்த்தனுக்கு எத்தனை மணிக்குப் போட்டே?"

"பதினொண்ணே காலுக்கு மேடம். ரெண்டு நிமிஷத்துல திரும்ப வந்து, இறுக்குது, வெட்டி எடுன்னாரு. வெட்டினேன். வேற ஒட்டட்டுமான்னு கேட்டேன். அப்புறம்னுட்டாரு. அதுக்குள்ள பேரைக் கூப்பிட்டுட்டாங்க."

"இறுக்கமாவா இருந்துச்சு?"

"அத்தா தெச்ச கையுறை. அவர் அளவுக்கே தெச்சது. போன வாரம்தான் சரியா இருக்குன்னு வாங்கிட்டுப் போனாரு." அவள் கைகளைப் பிசைந்தாள். "நான் வெட்டியிருக்கக் கூடாதா மேடம்?"

தேவானை அங்கிருந்து மறுபடி அரங்கத்துக்குப் போனாள். வெட்டிய பட்டை உபகரண மேசையடிக் குப்பைக் கூடையிலிருந்து கிடைத்தது. பச்சைக் கையெழுத்து நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது.

செவ்வாய், காலை 10.30.

நிலையத்தின் உள்ளறை. ஜவஹர், சித்தார்த்தன், கதவோரம் பொன்னுரங்கம். மேசைமேல் செருப்பு, கத்தி, கவசம், பட்டை, படம்.

"இது தாக்குதலே இல்ல," என்றாள் தேவானை. "நாடகம். மழுங்கின கத்தி. மாஸ்டர் கிளப்போட கவசம். நெஞ்சுல உதை விழும்னு சொல்லித்தான் தமிழ்மாறனை வரவெச்சிருக்கீங்க. பெத்தவங்க முன்னாடி நீங்க மடக்கணும், கிளப்புக்குப் பேர் வரணும். பதிலுக்கு அவனுக்கு வேலை. கையில கத்தியோட ஓடி வரும்போதும் அவன் உங்க பாயைச் செருப்புக் காலால மிதிக்கல, மாஸ்டர். ஓடிப்போக வந்தவன் இல்ல. ஆட வந்தவன்."

ஜவஹரின் தலை குனிந்தது. "ஆமா. ஆனா சித்தார்த்தன் நெசம்னு நெனச்சுட்டான். விபத்து."

"அது ஒண்ணுதான் கேள்வி. அவனுக்குத் தெரியுமா தெரியாதா? கத்தி வர்றதுக்கு மூணு நிமிஷம் முன்னாடி, ஃபைனல் ஆடப் போறவன் கையுறையைக் கழட்டுறான். ஏன்? பஞ்சு வெச்ச கையால தொண்டையில அடிச்சா ஆள் இருமுவான். சாகமாட்டான். தலையில ஹெல்மெட், நெஞ்சுல கவசம். மூடாம இருந்தது தொண்டை ஒண்ணுதான். அந்த இடத்துக்கு வெறுங்கை வேணும். சித்தார்த்தன், உனக்குத் தெரியும். இது கொலை."

"எனக்கும் அவனுக்கும் என்ன பகை, மேடம்?"

தேவானை படத்தை நிமிர்த்தி வைத்தாள். "எல்லாரும் உதையைப் பார்த்தாங்க. பாதத்தைப் பாருங்க. எண்ணுங்க."

விரிந்த உள்ளங்காலில் நான்கு விரல்கள் இருந்தன.

"உன் ரெண்டு கால்லயும் அஞ்சஞ்சு இருக்கு. முகத்த மூடிக்கிட்டு உன் பேர்ல ஆடித் தங்கம் வாங்கினது தமிழ்மாறன். சரிபார்ப்பு வருது. அவன் வாயத் திறந்தா உன் வேலை போயிடும்."

ஜவஹர்தான் முதலில் முணுமுணுத்தார். "நாடகம் போடலாம்னு யோசனை சொன்னதே அவன்தான். அவன் பேச்சைக் கேட்டு நான் ஏமாந்தேன்..." அதோடு நிறுத்திக்கொண்டார். மேலே பேசினால் போலி வீரனை இறக்கிய குற்றம் தன் தலையில் விடியும் என்பது அவருக்கு நடுவழியில் உறைத்துவிட்டது. "வக்கீல் வரட்டும்," என்றார்.

சித்தார்த்தன் தேவானையை நேராகப் பார்த்தான். "யோசிக்கல மேடம். பழக்கம்." ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே குரல்.

செவ்வாய், மாலை 5.20.

உதவி ஆணையர் ஃபைலைப் பொறுமையாகத்தான் படித்தார். கையுறையைக் கழற்றுவது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று கேட்டார். படத்தில் தெரியாத விரல் நிழலாக இருக்கலாம் என்றார். நாடகம் என்று மாஸ்டர் எழுத்தில் தரவில்லை. வாயால் சொன்னதையும் மதியம் வக்கீல் வந்து மறுத்துவிட்டார். தங்கம் வாங்கிய அந்தப் பழைய மோதலின் பதிவு கராத்தே சங்கத்தில் அழிந்துபோயிற்றாம். பத்து லட்சம் பேர் பார்த்த வீடியோவுக்கு எதிராக, வெட்டிய பட்டை ஒன்று.

"நீ சொல்றது உண்மையாவே இருக்கட்டும்மா. கோர்ட்ல நிக்குமா?"

நிற்காது. அவளுக்கே தெரியும். தற்காப்பு என்று எழுதி ஃபைல் மூடப்பட்டது. தமிழ்மாறனின் பெயருக்கு எதிரே 'தாக்கியவர்' என்று இருந்தது. கைப்பற்றிய பொருள்களைக் கிளப்புக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்படி உத்தரவு.

பொன்னுரங்கம் வாசல் பெஞ்சில் காத்திருந்தார். தேவானை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவமானமாக இருந்தது.

"ஆவலயா மேடம்," என்றார் அவரே. "வுடு. நீயாச்சும் கேட்டியே."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தப் போட்டோவ நான் எட்த்துக்கவா? வூட்ல அவன் படம் ஒண்ணு கூட இல்ல. இருந்ததெல்லாம் இடிச்சப்போ போச்சு. போனும் உங்ககிட்ட கீது. மாலை போடணும்."

"முகம் தெரியாதேய்யா."

"மூஞ்சி தெரிலன்னா இன்னா? கால் தெரியுதே."

அவள் உள்ளே போய்ப் படத்தையும் செருப்பையும் எடுத்து வந்தாள். ஏட்டு செம்பியன் பார்த்தார். பார்க்காத மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொன்னுரங்கம் படத்தை மடியில் வைத்து, கீழே ஒட்டியிருந்த தாளைத் தடவினார். அவருக்குப் படிக்க வராது.

"இதுல இன்னா எழுதிக்கீது?"

தேவானை படித்துச் சொல்லவில்லை. பதிலுக்கு நகத்தால் தாளைச் சுரண்ட ஆரம்பித்தாள். பசை இறுகிப்போயிருந்தது. முதல் பாதி துணுக்குத் துணுக்காக உரிந்து வந்தது. மறுபாதி, "மாநிலத் தங்கம்" மட்டும், எவ்வளவு சுரண்டியும் வரவில்லை.

"அது இருக்கட்டும்," என்றாள்.

அவர் படத்தைச் செய்தித்தாளில் சுற்றி, செருப்பு ஜோடியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பெரும்பாக்கம் பஸ்ஸுக்கு நடந்தார்.