தூய்மை தொண்ணூற்றேழு

ஞானதிரவியம் துக்கத்தில் எழுபத்தொன்று; காதலில் ஐம்பத்தெட்டு. வீரத்தில் ஒருமுறை முயன்று பன்னிரண்டு வாங்கியதிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை. பூவராகனோ போன மார்கழியில் கருணையில் எண்பத்தெட்டு வாங்கியிருந்தான். நொண்டி நாய் ஒன்றைப் பற்றிய கவிதைக்கு மெட்டுப் போட்டு வாங்கியது. அந்த நாய் அவன் வீட்டிலேயே வளர்கிறது என்று பிற்பாடு கேள்விப்பட்டபோது, இது மோசடி என்றே ஞானதிரவியத்துக்குத் தோன்றியது.

இயந்திரங்கள் நாளொன்றுக்கு நாலு லட்சம் மெட்டுகளைக் குறையில்லாமல் போட்டுத் தள்ளத் தொடங்கிய பிறகு, மனிதன் போட்ட மெட்டுக்கு ஒரே ஒரு மரியாதைதான் மிஞ்சியிருந்தது. போடும்போது அவன் எதையாவது உணர்ந்திருப்பான் என்ற நம்பிக்கை. நம்பிக்கையை நம்பிக்கையாகவே விட்டுவைக்க நம்மவர்களுக்கு மனம் வருமா? மெய்ப்பாட்டுமானி வந்தது. எந்தச் சொல்லில் பாடகியை மூச்சுவிட வைத்தான், எந்த எழுத்தை இழுத்தான், எந்த இடத்தில் வயலினைக் குரலோடு மோதவிட்டான் என்று ஆயிரம் சின்ன முடிவுகளை அது கவனிக்கும். மெட்டுப் போட்டவர் அந்த நேரத்தில் என்ன உணர்ந்தார் என்று கணித்து, உணர்ச்சியின் பெயரையும், அதன் தூய்மை நூற்றுக்கு எத்தனை என்பதையும் மேடைக்கு மேலே திரையில் போட்டுவிடும். ரசிகர்கள் கையில் மாட்டிக்கொள்ளும் மெய்வளை அதே உணர்ச்சியை அவர்களுக்குள்ளும் ஏற்றும்.

அன்றிலிருந்து புதுமரபு இசையமைப்பாளர்கள் இசை படிப்பதை விட்டுவிட்டு உணர்ச்சி தேடி அலைந்தார்கள். ஒருவர் முன்பின் தெரியாதவர்களின் சாவு வீடுகளில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். இன்னொருவர் ஒரு காதல் தொகுதியை முடிப்பதற்குள் மூன்றாவது விவாகரத்தில் இருந்தார். சபை அவருக்குப் பொன்னாடை போர்த்தியது.

இந்த வருட இரட்டைமெட்டு விழாவுக்கு ஞானதிரவியத்தையும் பூவராகனையும் அழைத்திருந்தார்கள். ஒரே கவிதை, இரண்டு மெட்டு, ஒரே பாடகி. இரண்டில் எது தூய்மையோ அதற்கு ‘இசைமாமணி’ விருது. கவிதை நாலே வரி:

உன் வாசலில் பவழமல்லி.
விடியலில் மதில் தாண்டி விழுகிறது.
என் முற்றமும் மணக்கிறது.
உனக்கு நன்றாகப் பூக்கட்டும்.

அடுத்தவன் நன்றாக இருப்பதைப் பார்த்து வருகிற மகிழ்ச்சி. ஞானதிரவியம் தன் ஐம்பத்திரண்டு வயதை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். அப்படி ஒன்று வந்ததாக ஞாபகம் இல்லை. சரி, பழகிக்கொள்ளலாம் என்று ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருவான்மியூரில் பூவராகன் வீட்டுக்கே போய்விட்டார்.

“அண்ணே, வாங்க வாங்க. ஒரு ஃபோன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே.”

“சும்மாதான் வந்தேன். நீ நல்லா இருக்கியான்னு பாத்துட்டுப் போலாம்னு.”

“உங்க புண்ணியத்துல ரொம்ப நல்லா இருக்கேண்ணே.”

நன்றாகத்தான் இருந்தான். மெட்டுப் போடுவதற்கென்றே மாடியில் தனி அறை. சன்னலைத் திறந்தால் கடல். அவன் சொன்ன மட்டமான ஜோக்குக்கு அவன் மனைவி நிஜமாகவே சிரித்தாள். நொண்டி நாய் மெல்ல வந்து ஞானதிரவியத்தின் பாதத்தில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அந்த வீட்டில் நாய்கூட நல்லதாக இருந்தது.

“உங்களோட ஒரே மேடைன்னதும் எனக்குத் தூக்கமே வரலைண்ணே. தோத்தாலும் பெருமைதான். வீட்டுல கூடச் சொல்லிட்டேன், பரிசு அண்ணனுக்குத்தான்னு.”

“அப்படிச் சொல்லாதே,” என்றார் ஞானதிரவியம். அதைத் தான் எத்தனை இனிமையாகச் சொன்னோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கீழ்த்தாடை மட்டும் வலித்தது.

வீடு திரும்பிய கையோடு உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டுக்குள் பாட்டு முடிந்துவிட்டது. இருபது வருடமாக ஒரு வரிக்கு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்கிறவர், பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் எழுதினார். திரும்ப வாசித்துப் பார்த்தார். அவர் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே நல்ல பாட்டு அதுதான்.

ஒத்திகைக்கு வந்த செண்பகவல்லி கோவில்பட்டிக்காரி. மூன்று ஸ்தாயியிலும் தண்ணீர் போல ஓடுகிற குரல். மனதில் பட்டதைச் சொல்வதில் குரலைவிட வேகம். ஒருமுறை முழுதும் பாடிவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள்.

“அண்ணாச்சி, முதல் வரியில ‘உன்’னுங்கதை மட்டும் பதினோரு மாத்திரை இழுக்கச் சொல்லுதீயளே.”

“அது அழுத்தம்.”

“கழுத்த நெரிக்க மாதிரில்லா இருக்கு. ‘என் முற்றம்’னு வரும்போது குரலு தரையில கெடக்கு. செல்லோ வேற கீழே நின்னு உறுமுது.”

“புதுமரபுன்னா முரண் இருக்கத்தான் செய்யும். உனக்குப் புரியாது.”

“எனக்குப் புரியாண்டாம். கையில வளைய மாட்டிக்கிட்டு ஆயிரம் பேரு உக்காந்திருப்பாவ. அவியளுக்குப் புரிஞ்சிருமே.” குரலைத் தணித்தாள். “கோச்சுக்கிடாதிய. கடைசி வரி பாடி முடிச்சப்ப, எனக்கே எந்திரிச்சுப் போயி அந்த மரத்த வெட்டணும் போல இருந்துச்சு.”

ஞானதிரவியம் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றே பதினோரு மாத்திரையை மூன்றாகக் குறைத்தார். செல்லோவை எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் வைத்தார். பாட்டு ஆறிப்போன வெந்நீர் மாதிரி ஆனது. யாரும் குறை சொல்ல முடியாது. யாருக்கும் ஞாபகமும் இருக்காது. ஒரு பக்கம் ஆயிரம் பேர் முன்னால் அவமானம். இன்னொரு பக்கம் தன் ஒரே நல்ல பாட்டைத் தன் கையாலேயே கொல்வது. விலகிக்கொள்ளவும் வழியில்லை. விலகினால் பூவராகன் போட்டியின்றி ஜெயிப்பான். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பதினோரு மாத்திரையைத் திரும்பப் போட்டார். கலைக்காகச் செய்த தியாகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் பாதிதான் பொய்.

விழாவில் முதலில் பூவராகனின் மெட்டு. கேட்க இதமாக இருந்தது. முடிந்ததும் திரையில் எழுத்து வந்தது: மகிழ்ச்சி 61. களைப்பு 14. பசி 9. பாக்கி இதர. அரங்கம் வாஞ்சையோடு சிரித்தது. பூவராகனும் சேர்ந்து சிரித்தான்.

அடுத்து ஞானதிரவியத்தின் மெட்டு. செண்பகவல்லி ‘உன்’ என்று பிடித்தாள். நாலாவது மாத்திரையில் முன்வரிசைத் தொழிலதிபர் ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டாவது மாத்திரையில் ஒரு பெண்மணி தன் சொந்தத் தங்கையின் சேலையைப் பார்த்தாள். பதினோராவதில் ஆயிரம் பேரும் ஆயிரம் பேரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘உனக்கு நன்றாகப் பூக்கட்டும்’ என்று குரல் மிக மெதுவாக, மிக மரியாதையாக இறங்கி முடிந்தபோது, அரங்கில் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

திரையில்: பொறாமை 97.

வேறு எதுவும் இல்லை. மிச்ச மூன்றை இதர என்றுகூடப் போடவில்லை. மானி கண்டுபிடித்த நாளிலிருந்து எவரும் தொண்ணூறைத் தாண்டியதில்லை.

ஞானதிரவியம் கண்ணை மூடிக்கொண்டு கல்லடிக்குக் காத்திருந்தார். வந்தது கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். சிலர் அழுதார்கள். பதினைந்து வருடமாகக் கருணை, பக்தி, பிரிவு என்று கையில் மாட்டிக்கொண்டு நெளிந்தவர்களுக்கு, கடைசியில் ஒன்று அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியிருந்தது. “இதுதான்யா நெஜம்,” என்று பால்கனியிலிருந்து யாரோ கத்தினார். மறுபடி பாடச் சொல்லிக் கேட்டார்கள். மூன்று முறை பாடினாள்.

விருது அறிவிப்புக்கு முன்னால் சபைத் தலைவர் அம்பலவாணன் மேடைக்குப் பின்னால் வந்து ஞானதிரவியத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உணர்ச்சிகளின் பாதுகாவலர் என்று அழைப்பிதழில் தன் பெயருக்கு முன்னால் தானே போட்டுக்கொள்கிறவர்.

“சார், நீங்க இனிமே தனி மனுஷர் இல்லே. தேசத்தோட சொத்து. வருஷத்துக்கு மூணு பாட்டு, ஆயுசு பூரா நம்ம சபைக்குத்தான். வெளிநாட்டுக்காரங்க இப்பவே கேக்கறாங்க.”

“ரொம்ப சந்தோஷம்.”

“ஐயையோ, அதுதான் கூடாது.” அம்பலவாணன் குரலைத் தாழ்த்தினார். “செயற்குழு இப்பதான் கூடி முடிவு பண்ணிச்சு. விருது பூவராகனுக்கு.”

ஞானதிரவியத்துக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. “அவன் அறுபத்தொண்ணுதானே?”

“அதான் விசேஷமே. தகுதியானவனுக்குக் குடுத்தா உங்களுக்குச் சும்மா வருத்தம் வரும், தணிஞ்சிடும். உங்களுக்கே குடுத்துட்டோம்னு வைங்க, நாளைக்குக் காலையில நீங்க யாரைப் பாத்துப் பொறாமைப்படுவீங்க? அடுத்த பாட்டு நாப்பதுல நிக்கும். ஊற்றை நாங்களே தூர்த்த மாதிரி ஆகும்.”

“ஒவ்வொரு வருஷமுமா?”

“நீங்க கவலையே படாதீங்க. எங்களுக்கு இது புதுசில்லே. கோபத்துக்கு ஒருத்தர் இருக்கார் பாருங்க, எழுபத்தொன்பது வாங்கறவர். எட்டு வருஷமா அவர் வீட்டுக் குழாயில தண்ணி வராம நாங்கதான் பாத்துக்கறோம். பாவம், மாநகராட்சிக்கு எழுதிக்கிட்டே இருக்கார்.”

“நான் இதை வெளியே சொன்னா?”

“சொல்லுங்களேன். ஜெயிச்சவனைப் பாத்து வயித்தெரிச்சல்ல பேசறார்னு சொல்லுவாங்க. தொண்ணூத்தேழுன்னு திரையிலயே வந்தாச்சே சார்.”

வெளியே ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தார்கள். பூவராகன் திகைத்துப்போய் மேடை ஏறினான். ஒலிவாங்கியைப் பிடித்து, இது தனக்கானதே இல்லை, அண்ணனுக்குச் சேர வேண்டியது, அண்ணன் மேடைக்கு வந்தால்தான் தொடுவேன் என்றான். அப்படிப்பட்ட மனசுக்காக, முன்பு தட்டியதைவிட அதிகமாகவே கூட்டம் தட்டியது.

திரைச்சீலைக்குப் பின்னால் ஞானதிரவியத்தின் கீழ்த்தாடை மறுபடி வலிக்கத் தொடங்கியது. போய்விட வேண்டும், இனி ஒரு வரியும் இவர்களுக்கு எழுதித் தரக்கூடாது என்று நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, நிகழ்ச்சிநிரலின் பின்பக்கத்தில் ஸ்வரம் எழுத ஐந்து கோடு போட்டிருந்தது. குரல் ஒன்று மிக மேலே தனியாகத் தொடங்கி, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் நின்றது. இன்று பாடியதைவிட நன்றாக இருந்தது.

அம்பலவாணன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நிம்மதியாக மூச்சுவிட்டு, பூவராகனுக்குப் போட இன்னொரு மாலை கொண்டுவரச் சொன்னார்.