பூமிகாவின் உள்ளங்கைச் சூடு

பத்து நாள் பூட்டிக் கிடந்த பரிசோதனைக் கூடத்தை மோகன்ராஜ் திறந்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருந்த அந்த இரும்பு வார்ப்பு ஆலையில், இனி இந்தக் கூடத்துக்கு அவன்தான் தலைவன். ஏசியைப் போட்டான். ஈர வாசனை வந்தது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தான். ஆறு வருட ஆசை.

கூட வேலை பார்த்த பூமிகாவைவிட மூன்று வருடம் சீனியர் அவன். ஆனால் உலை எப்போது ஆறும் என்று எல்லோரும் அவளிடம்தான் கேட்பார்கள். நிமிடத்துக்கு நிமிடம் பதிவான வெப்பத்தைக் கம்ப்யூட்டரில் புள்ளிகளாக்கி, அவற்றுக்கு ஒரு வளைகோடு பொருத்துவாள். கோடு சொன்ன நேரத்தில் உலை ஆறியிருக்கும். அவன் கோடு தப்பும்.

மேனேஜர் குப்புராஜ் உள்ளே வந்தார்.

"இன்னா மோகன், சீட்டு சூடாச்சா? பூமிகாவோட அம்மா டெய்லி போன் பண்ணிக்கினே இருக்குது. பொண்ணு ரொம்ப நேரம் அவஸ்தைப்பட்டுச்சான்னு கேக்குது."

"நான் பத்து நாப்பதுக்கு வந்தப்பவே உயிர் இல்ல சார்."

"அதையே கணக்கா சொல்லிடலாமே. ஆறாம் நம்பர் சென்சாரைக் கையில புடிச்சிக்கினு தானே மயங்கி விழுந்துச்சு? கை ஆறுனது பதிவாயிருக்கும். ஒரு கோடு போடு. பூமிகா இருந்தா ரெண்டு நிமிஷத்துல போட்டிருக்கும்."

செத்த பிறகும் பூமிகா.

சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்க, அதன் நுனியை உள்ளங்கையில் பொத்திப் பிடிப்பது அங்கே வழக்கம். அவள் விழுந்த நாள் காலை பத்தரைக்கு மின்வெட்டு; பதிவு நின்றுபோனது. 11.50-க்குக் கரண்ட் வந்த பிறகுதான் புள்ளிகள் இருந்தன. முப்பத்துநாலு டிகிரியிலிருந்து மெல்ல இறங்கின.

கோட்டைப் பொருத்தினான். அது வெற்றிடத்தில் பின்னோக்கிப் போய், உயிருள்ள கையின் அளவான முப்பத்தைந்து டிகிரியைத் தொட்டது.

மணி 11.20.

அன்று பத்து நாற்பதுக்கு, தரையில் கிடந்த அவள் உதடுகள் அசைந்ததை அவன் பார்த்திருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாசலில் ஆலையின் கார் நின்றிருந்தது. கூடத்தின் தலைவியாக அவளுக்கு அன்று காலைதான் உத்தரவு வந்திருந்தது. அவன் வெளியே வந்து கதவைப் பூட்டினான். 'போயிட்டாங்க. போலீஸ் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது' என்று ஓடி வந்தவர்களிடம் சொன்னான்.

நாற்பது நிமிடம் அவள் உள்ளே உயிரோடு கிடந்திருக்கிறாள்.

ஒரு புள்ளியை அழித்தான். 11.20.

பத்துப் புள்ளிகளை அழித்தான்.

11.20.

கடைசியில் எண்களையே மாற்றி எழுதினான். கோடு 10.40-க்கு வந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான்.

குப்புராஜ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "பரவால்ல நைனா. பூமிகா போட்ட மாதிரியே கீது."

அவர் போன பிறகும் அந்தச் சொல் அவன் நெஞ்சில் எரிந்தது.

திரையில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

ஆறாம் நம்பர் சென்சார். இருபத்துநாலு டிகிரி.

அது சுவர்க் கொக்கியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

இருபத்தேழு.

முப்பது.

அவன் மவுஸைத் தொடவில்லை. புள்ளிகளின் வழியே ஒரு கோடு தானாகவே ஓடியது. ஒரு புள்ளிகூட விலகவில்லை. அந்தப் பயத்திலும் அவனுக்கு வயிறு எரிந்தது. அவன் போட்ட எந்தக் கோடும் இவ்வளவு சுத்தமாக உட்கார்ந்ததில்லை.

கோடு இன்னும் வராத நிமிடங்களுக்குள் நீண்டது. முப்பத்தைந்தைத் தொடும் நேரம், 3.10.

கம்ப்யூட்டரில் மணி 3.09.

கொக்கியில் தொங்கிய வயர் மெல்ல விறைத்தது, அதன் நுனியை யாரோ பொத்திப் பிடித்ததுபோல.